அண்ணன் தம்பிக் குளம்

குகதாசன் தீவிலிருந்து கடல் பாலத்தைக் கடந்து அக்கரை நிபோங் திபாலுக்குக் குடிபோன மூன்றாம் நாள், பாலிக் புலாவ் வீட்டில் இருந்த அவருடைய தம்பி சதீசன் கால் அங்குலம் வளர்ந்தான். அப்போது அவனுக்கு வயது நாற்பத்தாறு. அந்த வாரம் ஆற்று இறால் கிலோ எழுபது வெள்ளிக்குப் போயிற்று, மழை இல்லை, டுரியான் மரங்கள் பிஞ்சு விட்டிருந்தன.

அதற்கு முன் முப்பத்தாறு வருடம் சதீசன் வளரவே இல்லை. அம்மா காலமானபோது அவனுக்குப் பத்து வயது, உயரம் நாலடி ஓரங்குலம். அப்பா அதற்கும் முந்தியே போய்விட்டிருந்தார். குகதாசனுக்கு அப்போது இருபத்திரண்டு; ஜோர்ஜ் டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக, அங்கே சொல்கிறபடி கிராணி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாய் நாட்டுக்கு வந்த குடும்பம் அது. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்: பையனை விடுதியில் சேர், சித்தி வீட்டில் விடு, இல்லாவிட்டால் நீ ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கொள். குகதாசன் மூன்றையும் செய்யவில்லை. காலையில் தம்பிக்குத் தலை வாரிவிட்டுப் போவார். மத்தியான இடைவேளையில் மோட்டார் சைக்கிளில் வந்து சோறு பிசைந்து கொடுத்துவிட்டுத் திரும்புவார். காய்ச்சல் வந்தால் ஈரத்துணி, பல் விழுந்தால் கூரைமேல் எறிதல், எல்லாம் அவர்தான். ஒவ்வொரு தைப்பொங்கலன்றும் பால் பொங்கியதும் தம்பியைக் கதவு நிலையோடு ஒட்டி நிற்க வைத்து, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போடுவார். முதல் வருடக் கோடு நாலடி ஓரங்குலத்தில் விழுந்தது. மறு வருடக் கோடும் அதே இடத்தில் விழுந்தது. மீசை முளைத்த வருடமும் அங்கேதான் விழுந்தது. முப்பத்தாறு பொங்கலுக்குப் பிறகு அது கோடாக இல்லை, விரல் வைத்தால் பதியும் ஒரு பள்ளமாக இருந்தது.

சதீசனுக்கு நோய் ஒன்றும் கிடையாது, பாருங்கள். எலும்பு நல்ல எலும்பு, இரத்தம் நல்ல இரத்தம் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். குரல் மட்டும் ஆறடி ஆளின் குரல்; கோவிலில் அவன் தேவாரம் எடுத்தால் மணி அடிப்பவர் கையை நிறுத்திக் கேட்பார். சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலையாகக் கைக்கடிகாரம் பழுது பார்த்தான். ஆனாலும் குகதாசன் விடவில்லை. மீன் எண்ணெய், கம்பியில் தொங்கல், நீச்சல், நேர்த்திக்கடன் என்று ஒன்று விடாமல் பார்த்தார். தம்பியின் தட்டில் எப்போதும் தன் தட்டைவிட ஒரு அகப்பை அதிகம். தம்பியை விட்டு ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை அவர் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது, எப்படி நினைப்பார்?

குகதாசனின் கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மா போன சில வருடங்களில் அவருடைய இரண்டு கைகளும் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீலமாகிவிட்டன. ஆற்றுக் கரையில் மாலை இறங்கும்போது தெரியும் கருநீலம். யாரும் ஆச்சரியப்படவில்லை. கிராணி வேலை, கார்பன் தாளும் மையும் புழங்கும் கை, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரம் போய்க் கம்ப்யூட்டர் வந்து, கார்பன் தாள் எப்படி இருக்கும் என்றே புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாமல் போன பிறகும், அந்தக் கையைப் பார்த்தவர்கள் எல்லாரும் கார்பன் தாள் என்றே சொன்னார்கள். குகதாசனும் சொன்னார்.

ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்று, பாலிக் புலாவில் இரண்டு குளங்களோடு ஒரு பலகை வீட்டை வாங்கினார். ஜோர்ஜ் டவுன் வீட்டுக்காரரிடம் கேட்டு அந்தக் கதவு நிலையையும் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டார். நாற்காலி தேயத் தேய உட்கார்ந்திருந்தவருக்கு இறால் வளர்ப்பு எதற்கு என்று ஊரில் கேட்டார்கள். இறால் தின்றால் எலும்பு நீளும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். மலாய்க்காரர்கள் உடாங் காலா என்று சொல்லும் பெரிய ஆற்று இறால். முதல் வருடம், ஆற்று முகத்தில் வலைக்காரர்கள் பிடித்துத் தந்த காட்டுத் தாய்களின் குஞ்சுகளை விட்டார். வயிற்றுக்கடியில் முட்டைகளைக் கட்டிக்கொண்டு, குஞ்சுக்கு வேண்டிய உப்பைத் தேடி ஆற்றோடு இறங்கி நடந்து வருகிற தாய்கள் அவை. அவற்றின் குஞ்சுகளில் பாதி பெண். பெண் இறால் தின்றதையெல்லாம் முட்டைக்குக் கொடுத்துவிட்டுத் தான் சிறுத்து நிற்கும். சூலியா தெருச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இறால் ஏற்றிப்போகும் ஸுல்கிஃப்லி கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கிராணியாரே, உடாங் கேட்டா கூனிப்பொடி குடுக்கிறீங்க?" என்றார். அவர் வாய்க்குப் பயந்து குகதாசன் மறு வருடம் தெலுக் கும்பாரில் இருந்த ஒரு குஞ்சுப் பண்ணைக்குப் போனார். ஆண் குஞ்சு மட்டுமே தரும் பண்ணை அது.

அங்கே இருந்தவள்தான் புஷ்பவள்ளி. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், நாற்பத்து மூன்று வயது, தனியாள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நுண்ணோக்கிக்கு முன் உட்கார்ந்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைக் கம்ப்யூட்டர் சிப்பில் ஒட்டினாள். அந்த வேலை இயந்திரத்தின் கைக்குப் போனதும், குஞ்சுப் பண்ணை இவளுடைய கையைக் கேட்டு வாங்கிக்கொண்டது. இப்போதும் அதே நுண்ணோக்கிதான். விரல் நகம் அளவு ஆண் இறாலை ஈரப் பஞ்சில் கிடத்தி, கடைசிக் காலின் அடியில் இருக்கும் ஒரு சுரப்பியை இடுக்கியால் எடுப்பாள். சுரப்பி எடுத்த இறால்களைத் தண்ணீரில் விட்டால், சட்டை உரித்து உரித்து வளரும்போது அவற்றில் சில பெண்ணாகும்.

"இந்தக் குஞ்சுங்களோட அம்மா ஆம்பிளையா பொறந்ததுதான் அண்ணே," என்றாள் குகதாசனிடம்.

"ஆம்பிளை எப்படிம்மா முட்டை போடும்?"

"போடுதே! நான் என்ன பண்ண? அந்த மாதிரி அம்மாவுக்குப் பொறக்கிறது பூரா பையனுங்கதான். ஒரு பொண்ணு வராது. உங்க குளத்துல இனி அண்ணன் தம்பிங்க மட்டும்தான்."

"எங்க வீடு மாதிரி," என்று பின்னாலிருந்து ஒரு பெரிய குரல் கேட்டது. "எனக்கும் அண்ணன்தான் அம்மா."

ஆளைத் தேடி மேலே பார்த்த புஷ்பவள்ளி, பிறகு கீழே பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. கேலி எது என்று குகதாசனுக்கு நன்றாகத் தெரியும், அந்தக் கேலியை அவர் முப்பத்தாறு வருடமாக எல்லார் முகத்திலும் தேடிக் களைத்தவர்.

அதற்குப் பிறகு குஞ்சுகளைப் பார்க்கிற சாக்கில் அவள் வந்தாள், இடுக்கியைச் சரிபண்ணுகிற சாக்கில் இவன் போனான். நுண்ணோக்கி மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பேர் தலையும் ஒரே மட்டம். எட்டு மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவளே வாய் விட்டுக் கேட்டாள். சதீசன்தான் முடியாது என்றான். தாலி கட்ட ஸ்டூல் போட்டு ஏற வேண்டி வரும், சபை சிரிக்கும், என்னைச் சிரிக்கட்டும், அவளைச் சிரிக்கக் கூடாது என்று அண்ணனிடம் சொன்னான். சொல்லிவிட்டுக் கடிகாரத்தில் குனிந்துகொண்டான். அந்த வருடப் பொங்கலன்று நிலையோடு ஒட்டி நின்றபோது, அவன் இரண்டு குதிகாலும் தரையிலிருந்து எழும்பியிருந்ததைக் குகதாசன் பார்த்தார். சின்னப் பிள்ளையிலிருந்து அவன் செய்யாத காரியம். அவர் அந்த எழும்பிய தலைக்கு மேலேயே கோட்டைப் போட்டார். பழைய பள்ளத்துக்கு ஓரங்குலம் மேலே அது புதிதாக, மெலிதாக நின்றது.

மாசி மாதம் குளத்தை வற்றவைத்தபோது எல்லாம் ஆண்தான். ஆனால் எல்லாம் ஒரே அளவு இல்லை. கை நீளத்துக்கு நீலக் கொடுக்கோடு சில. ஆரஞ்சுக் கொடுக்கோடு நடுத்தரமாகப் பல. விரல் அளவுகூட வராமல் வெளிறிப்போய் ஒரு கூட்டம். தீனி பற்றவில்லை என்று நினைத்து, குகதாசன் அடுத்த குளத்தில் மூலையில் ஒதுங்கும் சின்னதுகளுக்கென்று தனியாகத் தீனி எறிந்தார், தம்பி தட்டில் ஒரு அகப்பை கூட வைப்பதைப் போல. புஷ்பவள்ளி வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பசியில இல்ல லா, அண்ணே. நல்லாத்தான் சாப்பிடுது. நோயும் இல்ல. அதுவும் முழு ஆம்பிளைதான்."

"அப்புறம் ஏன் வளரல?"

"பெரியவன் இருக்கான்ல, நீலக் கையோட. அவன் இருக்கிற தண்ணியில இது வளராது. அவன் கடிக்கணும்னு இல்ல, விரட்டணும்னு இல்ல. சும்மா இருந்தாலே போதும். அவனைத் தூக்கிட்டுப் பாருங்க, இது எப்படித் தாவி வளருதுன்னு."

குகதாசன் தூக்கிப் பார்த்தார். நீலக் கொடுக்கு இறால்களை மட்டும் வலை வீசி எடுத்து ஸுல்கிஃப்லியின் லாரியில் ஏற்றினார். சில வாரத்தில் வெளிறிய கூட்டம் சட்டை மேல் சட்டையாக உரித்துப் போட்டு, ஆரஞ்சுகளையும் தாண்டி நின்றது. அன்று அவர் கிணற்றடியில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய், எலுமிச்சை, சவர்க்காரம் மூன்றையும் போட்டுக் கைகளைத் தேய்த்தார். தோல் சிவந்தது, நீலம் போகவில்லை. பின்னால் வந்து நின்ற புஷ்பவள்ளி, "அண்ணே, அது மை இல்ல," என்றாள் மெதுவாக. "தெரியும்மா," என்றார் அவர். முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான்.

போகிற காரணத்தை அவளிடம் மட்டும் சொன்னார். தம்பியிடம் நிபோங் திபாலில் மலிவாக ஒரு குளம் குத்தகைக்கு வருகிறது, ஆள் இருந்து பார்க்கவேண்டும் என்றார். சதீசன் நம்பவில்லை. கல்யாணத்துக்கு மறுத்ததால் அண்ணனுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். நாற்பத்தாறு வயது ஆள், நாலடி ஓரங்குலம், வாசலில் நின்று கையைக்கூட ஆட்டவில்லை. பாலத்தின் மேல் வண்டி போகும்போது குகதாசனுக்குக் கீழே கடல் தெரிந்தது. இவ்வளவு தண்ணீர் நடுவில் கிடந்தால் போதும் என்று நினைத்தார்.

போதுமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் கால் அங்குலம், மாதம் முடிவதற்குள் ஒன்றரை அங்குலம். புஷ்பவள்ளி தொலைபேசியில் கணக்குச் சொல்வாள். குரல் போய் வருவதால் கெடுதல் இல்லை என்று கண்டுகொண்டார்கள், தண்ணீர்தான் கூடாது. அவள் அனுப்பிய டுரியானைக்கூட, அந்த மண்ணின் ஈரம் இருக்கும் என்று குகதாசன் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சதீசனுக்குக் காய்ச்சல் வரும். மேல் தோல் கண்ணாடித் தாள் போலக் கழன்று விழும். இரண்டு நாள் உடம்பு மாவாகக் குழைந்து, கரண்டியைப் பிடிக்கக்கூட விரல் நிற்காது. இறாலும் சட்டை உரித்த நேரத்தில் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் தின்றுவிடலாம். அந்த இரண்டு நாளும் புஷ்பவள்ளி லீவு போட்டுவிட்டு வந்து, கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு பூனையைக்கூட உள்ளே விடமாட்டாள். கழன்ற தோலைக் கொடியில் காயப்போட்டு மடித்து வைத்தாள். கல்யாணமாகாத வீட்டில் இவளுக்கு என்ன வேலை என்று ஊர் பேசியது. சதீசன் மறுத்த கல்யாணத்துக்கு அந்தக் காவலில்தான் ஒத்துக்கொண்டான். அப்போது அவன் நாலடி ஏழங்குலம்தான், ஆனால் இந்த முறை கேட்டது அவன்.

அடுத்த பொங்கலுக்குக் குகதாசன் போகவில்லை. நிபோங் திபால் வீட்டில் தனியாகப் பால் பொங்கவைத்துவிட்டு, கையில் பென்சிலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் நீலம் வெளிறத் தொடங்கியிருந்தது. அங்கே சதீசனின் விரல்கள் ஆரஞ்சாகி, பிறகு நீலமாயின. கடிகார எண்ணெய் என்று ஊரில் சொன்னார்கள். வைகாசியில் முகூர்த்தம் குறித்தபோது அவன் ஐந்தடி ஏழங்குலம், அண்ணனைவிட ஓரங்குலம்தான் குறைவு. குகதாசன் தொலைபேசியில் ஆசீர்வாதம் சொன்னார். கல்யாணத்துக்கு வர முடியாது, முதுகு வலி என்றார். பதினெட்டு அங்குலம் வளர்த்துவிட்டு அதைச் சபையில் அவிழ்த்துக் கொட்ட அவருக்கு மனம் இல்லை.

அன்று மாலை புஷ்பவள்ளி சதீசனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் ஸுல்கிஃப்லியின் லாரி நிபோங் திபால் வீட்டு முன் வந்து நின்றது. இறங்கிய ஆளைக் குகதாசனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்பா வருகிறார் என்று நினைத்தார். பிறகு எழுந்து ஓடி வாசலை மறித்தார்.

"உள்ள வராதே! அங்கயே நில்லு!"

"அண்ணே, நான் சதீசன்."

"தெரியுதுடா. அதான் சொல்றேன். போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துக்கிறேன். போ."

"ஒரு வருஷம் கழிச்சு வந்திருக்கேன். குடிக்கத் தண்ணி வேணுமான்னு கேக்கமாட்டீங்களா?"

வெயிலில் வந்து நிற்பவருக்கு, அது யாராக இருந்தாலும், தண்ணீர் கொடுக்காமல் குகதாசன் வீட்டில் யாரும் அனுப்பியதில்லை. "இங்க தண்ணி இல்ல," என்றார்.

"கிராணியாரே, பின்னால குழாய் ஓடுற சத்தம் கேக்குது," என்றார் ஸுல்கிஃப்லி லாரியிலிருந்து.

சதீசன் அண்ணனைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தான். அண்ணன் மீன் எண்ணெயும் சோறும் ஊட்டி வளர்க்கப் பார்த்த உடம்பு அல்லவா, அது இப்போது அந்தப் பலத்தோடு இருந்தது. உள்ளே போனான். அண்ணன் பாதி குடித்துவிட்டு மேசையில் வைத்திருந்த டம்ளரை எடுத்தான்.

"டேய், வேணாம். இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. நல்லபடியா நின்னு தாலி கட்டு. உன்னக் கும்பிடுறேன்."

"உங்களக் கழிச்சுட்டு வர்ற உசரம் எனக்கு எதுக்கு அண்ணே? நான் யாருகிட்டப் போய் காட்டுவேன்?"

ஒரே மடக்கில் குடித்தான். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான். கொஞ்ச நேரத்தில் அவன் கால்சட்டை விளிம்பு தரையைத் தொட்டது, பிறகு மடிந்தது. "அட, இறங்குது லா," என்று ஸுல்கிஃப்லி லாரிக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்து பார்த்தார். மூன்று அங்குலம். குகதாசன் தம்பியின் காலடியில் உட்கார்ந்து, அந்தக் கால்சட்டை விளிம்பை மடித்துவிட்டார். பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு மடித்துவிட்ட அதே மடிப்பு. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்குப் பால் அறுகு வைக்கவேண்டும். பாலில் நனைத்த அறுகம்புல்லைப் பெரியவர்கள் தலையில் வைத்த பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றித் தோய வார்ப்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். முதல் கை வீட்டுப் பெரியவருடையது. குகதாசன் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றார். எல்லாரும் தேடினார்கள். "அண்ணன் வைக்காம நான் எந்திரிக்கமாட்டேன்," என்றது அந்தப் பெரிய குரல், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. அவர் வந்தார். நீலம் திரும்பியிருந்த விரல்களைப் பாலில் நனைத்தார். மூன்று முறை வைத்தார். முறைக்கு நாலு அங்குலமாக, பலகையில் உட்கார்ந்தபடியே தம்பி சிறுத்தான். தோய வார்த்து முடிந்தபோது நாலடி நாலங்குலம். தையற்காரர் ஒருவரும் கோபிக்கவில்லை, வேட்டிதானே. குகதாசன் கையோடு கொண்டுவந்திருந்த ஸ்டூலை மணவறைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

கெட்டிமேளம் கேட்டது. ஐயர் சதீசனைப் பார்த்து எழுந்திருங்கள் என்றார். புஷ்பவள்ளி உட்கார்ந்தே இருந்தாள். மாப்பிள்ளை எழுந்து நிற்க, பெண் உட்கார்ந்திருக்கத் தாலி கட்டுவதுதான் முறையாம். அம்மா இல்லாத வீட்டில் வளர்ந்த இரண்டு பிரமச்சாரிகள், எத்தனையோ கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள், ஒரு கல்யாணத்திலும் மணவறையைக் கவனித்துப் பார்த்ததில்லை. சதீசன் அவளுக்குப் பின்னால் நின்று, நிமிர்ந்து, கடிகாரம் பழகிய விரல்களால் சிரமமில்லாமல் மூன்று முடிச்சுப் போட்டான். அண்ணனும் தம்பியும் சபைக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குகதாசன் ஒரு காலால் ஸ்டூலை இன்னும் உள்ளே தள்ளினார்.

இப்போது மாதத்தில் பாதி நாள் குகதாசன் பாலிக் புலாவில், பாதி நாள் நிபோங் திபாலில். அவர் இருக்கும்போது சதீசன் இறங்குவான், போனால் ஏறுவான். புஷ்பவள்ளி நாலு அளவில் கால்சட்டை தைத்து, அலமாரியில் கீழிருந்து மேலாக அடுக்கியிருக்கிறாள். பழைய ஆட்கள் அவனைத் தெருவில் பார்த்தால் உயரத்தை வைத்தே, "அண்ணன் வந்திருக்காரா?" என்று கேட்பார்கள். பண்ணையில் அவள் இன்னும் இடுக்கியோடு உட்கார்ந்திருக்கிறாள். குளத்தில் இன்னும் அண்ணன் தம்பிகள்தான். நீலக் கொடுக்கு இறாலைப் பிடிக்கும்போது மட்டும் சதீசன் வேறு வேலையாக எழுந்து போய்விடுவான்.

இந்தப் பொங்கலுக்குக் குகதாசன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். இன்னும் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் தொடவில்லை. அதனால் சதீசன் முழு உயரத்தில் இருந்தான். பால் பொங்கியது. அண்ணன் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தம்பி போய் நிலையோடு ஒட்டி நின்றான். அவன் தலை வழுக்கிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி, பழைய பள்ளத்துக்கு நேராக வந்து நின்றது. வேட்டிக்குள்ளே இரண்டு முழங்காலும் மடங்கி முன்னால் துருத்திக்கொண்டு, தொடை நடுங்கிக்கொண்டிருந்ததைக் குகதாசன் பார்த்தார். அவர் கோட்டை அங்கேயே போட்டார். பிறகு மூன்று பேரும் ஒரே கெண்டியிலிருந்து தேநீர் குடித்தார்கள். அன்று இறால் கிலோ எண்பத்தைந்து வெள்ளி.